முப்பத்தொன்றில் ஒரு கிணுகிணுப்பு

அத்தியாயம் 11

அப்பாவின் அறைக் கதவைத் தச்சர் இரண்டாம் தடவையாக இழைத்துக் கொடுத்துவிட்டுப் போனது போன வாரம். அந்தச் சீர் நாலு நாள் தாங்கியது. ஐந்தாம் நாள் காலையில் கதவு மறுபடியும் நிலையில் உரசி, திறக்கவும் மூடவும் முரண்டு பிடித்தது.

"ஈரத்துக்கு மரம் ஊதியிருக்கும்," என்றான் மூத்த மகன் பெரியவன், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.

மழை பெய்து இரண்டு மாதமாகிறது. ஆனால் அவன் சொன்னால் சொன்னதுதான். ஊரில் பாதிப் பேருக்கு வீடு கட்டிக் கொடுத்தவன் தன் வீட்டுக் கதவைப் பற்றி ஒன்று சொன்னால் யார் எதிர்த்துப் பேசுவார்கள்?

எதிர்த்துப் பேசக்கூடிய ஒரே மனிதர் மாடியில் கட்டிலில் இருந்தார். அப்பாவுக்கும் அதே தொழில்தான். இந்த வீட்டை அஸ்திவாரத்திலிருந்து எழுப்பியவர் அவர். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வந்த நாளிலிருந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் நடப்பதோடு சரி. படி இறங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று பெரியவன் அவரை நாற்காலியோடு தூக்கி, வெளிப்புறப் படி வழியாகத்தான் மாடிக்கு ஏற்றினான். ஏன் வெளிப்படி என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில்தான் கீழே இரண்டு அறைகள் ஒரே கூடமாக மாறியிருந்தன.

"எந்தச் சுவரைடா எடுத்தே?" என்று அப்பா இதுவரை மூன்று தடவை கேட்டுவிட்டார்.

"சும்மா தடுப்புச் சுவர்தான்ப்பா. நீங்க நடக்கப் பழகுங்க முதல்ல," என்று மூன்று தடவையும் ஒரே பதில் வந்தது.

இன்றைக்கு அந்தக் கூடத்துக்குத் திறப்பு விழா மாதிரி. மாலை ஆறு மணிக்குப் பதினெட்டுப் பேர் படம் பார்க்க வருகிறார்கள். எல்லோரும் பெரியவன் அடுத்துக் கட்டப்போகும் குடியிருப்பில் வீடு கேட்டிருப்பவர்கள். நடுவில் தூணும் இல்லை, உத்தரமும் இல்லை, இவ்வளவு பெரிய கூடமா என்று அவர்கள் வாயைப் பிளக்க வேண்டும். அதுதான் அவன் திட்டம்.

பதினோரு மணிக்குச் சின்னவள் வந்தாள். பெரியவனின் தங்கை. வீடுகளுக்குத் திரையும் ஸ்பீக்கரும் பொருத்திக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. கூடத்தில் மற்ற வேலையெல்லாம் முடித்திருந்தாள். பாக்கி இருந்தது, அடித்தொனிக்கென்றே உள்ள சப்வூஃபர் பெட்டி ஒன்றுதான்.

அவளும் பெரியவன் மனைவியான அண்ணியும் சேர்ந்து அந்தக் கறுப்புப் பெட்டியை உள்ளே தூக்கி வருவதற்குள் இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"உள்ள என்ன, கல்லா?" என்றாள் அண்ணி.

"ஆம்ப்ளிஃபையர் அண்ணி. மத்த ஸ்பீக்கரெல்லாம் ரிசீவர் குடுக்கிற பவர்ல ஓடும். இதுக்குச் சொந்தமா இருக்கு. தனி பிளக், தனி சுவிட்ச். யாரு தயவும் வேணாம்."

"குடுத்து வெச்ச ஜென்மம்," என்று அண்ணி பெருமூச்சு விட்டாள்.

சின்னவள் சிரித்தபடி, அண்ணி ஒரு பக்கம் பிடிக்க, பெட்டியைத் தூக்கிச் சோபாவின் மேலேயே உட்கார வைத்தாள். பெரியவன் உட்காரப்போகும் நடு இடத்தில்.

"ஏய், புது சோபா!"

"இருங்க அண்ணி. உக்கார்ற இடத்துல இதை வெச்சிட்டு, நான் தரையில தவழ்ந்து சுத்தி வருவேன். எந்த மூலையில எனக்கு நல்லா கேக்குதோ, அங்க இதைக் கொண்டு போய் வெச்சா, இங்க உக்கார்றவங்களுக்கு நல்லா கேக்கும். இடத்தை மாத்திக்கிறோம், அவ்வளவுதான்."

பெட்டியின் பின்பக்கம் கேபிளைச் செருகி, மறுமுனையை ரிசீவரில் சேர்த்தாள். சத்தத்தின் குமிழைப் பாதிக்குத் திருகினாள். சிவப்பாக இருந்த சின்ன விளக்கு பச்சையானது. இருபதில் தொடங்கி எண்பது ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் சோதனை ஒலியைப் போட்டுவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு தரையில் இறங்கினாள்.

முப்பத்தாறு வயதுப் பெண் நாலு காலில் தவழ்வதைப் பார்த்து அண்ணிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. சிரிப்பு ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. அந்தச் சத்தம் காதில் கேட்பதற்கு முன்னால் வயிற்றில் கேட்டது. கண்ணுக்குத் தெரியாத யாரோ நெஞ்சுக்கூட்டில் கை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது.

"எனக்கு என்னவோ பண்ணுது. நான் அடுப்படிக்குப் போறேன்," என்று அவள் நழுவினாள்.

கதவோரம் சத்தம் குழம்பியது. ஜன்னலுக்குக் கீழே சுத்தமாகக் காணாமல் போயிற்று. திரைக்கு இடதுபுறம், மூலையிலிருந்து இரண்டு முழம் தள்ளி, கட்டுக்கோப்பாக, தெளிவாக வந்தது. அந்த இடத்தில் தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்தாள். அண்ணியைக் கூப்பிட்டுப் பெட்டியை அங்கே மாற்றினாள். எண்பதுக்குக் கீழே உள்ள சத்தமெல்லாம் பெட்டிக்கு, மேலே உள்ளது மற்ற ஸ்பீக்கர்களுக்கு என்று ரிசீவரில் பிரித்து விட்டாள்.

பிறகு சோபாவில் உட்கார்ந்து, சோதனை ஒலியை மறுபடியும் ஓடவிட்டுக் கண்ணை மூடினாள்.

இருபத்தைந்து. இருபத்தெட்டு. முப்பத்தொன்றில் எங்கோ கிணுகிணு என்றது.

இது அவளுக்குப் புதிதல்ல. எந்த வீட்டில் சப்வூஃபர் வைத்தாலும் ஏதாவது ஒரு சாமான் கூடச் சேர்ந்து ஆடும். அதைத் தேடிப் பிடித்து அடக்குவதும் வேலையில் ஒரு பங்கு. சுவரில் தொங்கிய படத்தை இறக்கினாள். அலமாரிக் கண்ணாடிக்கு நடுவே அட்டை செருகினாள். ஏசியின் வாயைக் கையால் பிடித்துப் பார்த்தாள். திரைச்சீலைக் கம்பியைக் கழற்றிக் கீழே வைத்தாள். ஒவ்வொரு தடவையும் முப்பத்தொன்றில் நிறுத்திக் கேட்டாள்.

கிணுகிணுப்பு நிற்கவில்லை. கூடத்தில் ஆடுவதற்கு இனி ஒரு சாமானும் பாக்கியில்லை, அவளைத் தவிர.

"அண்ணி, இங்க வாங்க. உங்களுக்குக் கேக்குதா?"

அண்ணி தலையைச் சாய்த்துக் கேட்டாள். "வளையல் சத்தம் மாதிரி."

இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள். மேலே வெள்ளை வெளேரென்று ஃபால்ஸ் சீலிங். ஒரு கீறல் இல்லை, ஒரு கறை இல்லை.

"இந்தக் கூரை ஆளுங்க வேலையே சரியில்லை," என்றாள் அண்ணி. "தினம் காலையில சோபா மேல தூள் விழுந்திருக்கு. துடைச்சுத் துடைச்சுக் கை ஓய்ஞ்சு போச்சு."

"எந்த இடத்துல?"

"இதோ, நீ உக்காந்திருக்கிற இடத்துலதான்."

சின்னவள் சட்டென்று எழுந்துவிட்டாள். உட்கார்ந்த இடத்தைத் தடவினாள். விரல் நுனியில் சாம்பல் நிறத்தில் தூள் ஒட்டியது. ஃபால்ஸ் சீலிங் தூள் மாவு மாதிரி இருக்கும். இது விரலுக்கிடையில் நறநறத்தது. வீடு கட்டுகிறவர் மகளுக்கு, சிமெண்ட் எது, சுண்ணாம்பு எது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஏணியைக் கொண்டுவந்து போட்டாள். சோபாவுக்கு நேர் மேலே, தூள் கசிய இடமிருந்த குழிவிளக்கைப் பிடித்து இழுத்தாள். அது ஸ்பிரிங்கோடு கழன்று வந்தது. உள்ளங்கை அகல ஓட்டை. கைபேசியில் வீடியோவை ஓடவிட்டு, அதன் விளக்கையும் போட்டு, ஓட்டைக்குள் கையை நுழைத்து மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினாள்.

கீழே இறங்கி, ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்து பார்த்தாள்.

இரும்புக் கம்பிகள். அவள் இழுத்த ஒயர்கள். அவற்றுக்கு மேலே கான்கிரீட் தளம், அதைத் தாங்கிக் குறுக்கே ஒரு மெல்லிய இரும்பு உத்தரம். உத்தரத்தின் நடு, மேலிருந்த பாரத்தில் கீழே வளைந்திருந்தது. அதை ஒட்டி, தளத்தின் அடியில், கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு விரிசல் ஓடியது.

விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடிப் பட்டை. இரண்டு முனையிலும் சிமெண்ட் வைத்து ஒட்டியது.

அவளுக்கு அதற்கு அர்த்தம் தெரியும். விரிசல் நின்றுவிட்டதா, இன்னும் வளர்கிறதா என்று பார்ப்பதற்குக் கட்டட வேலைக்காரர்கள் இப்படி ஒட்டுவார்கள். ஒரு மாதம் பார்க்க வேண்டும். கண்ணாடி முழுசாக இருந்தால் பயமில்லை. உடைந்தால் தளம் அசைகிறது.

இது நடுவில் உடைந்திருந்தது. ஒரு பாதி சிமெண்டிலிருந்து தளர்ந்து, பக்கத்து இரும்புக் கம்பியைத் தொட்டுக்கொண்டு தொங்கியது. முப்பத்தொன்றில் கிணுங்கியது அதுதான். மற்ற பாதியில் மார்க்கரால் ஒரு தேதி எழுதியிருந்தது. ஏழாம் தேதி. ஏழின் நடுவே ஒரு கோடு. அப்படிக் கோடு போட்டு ஏழு எழுதுகிறவன் அந்த வீட்டில் ஒருவன்தான்.

அவள் வீடியோவை நிறுத்தினாள்.

கூரையை மூடுவதற்கு முன்னால் ஒயர் எங்கே போகிறது என்று படம் எடுத்து வைத்துக்கொள்வது அவள் வழக்கம். கைபேசியில் தேடினாள். கிடைத்தது. பத்தாம் தேதி. அன்றைக்கு இந்த நடுப்பகுதியில் மட்டும் தார்ப்பாய் கட்டியிருந்தது. 'அந்தப் பக்கம் ஏறாதே, ஒயரை நான் இழுத்துத் தர்றேன்' என்று அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது. அக்கறையாகச் சொல்கிறான் என்றுதான் அப்போது நினைத்தாள்.

மூன்றே நாள். ஆறு வாரத்துக்கு முன்னால்.

"என்ன இருக்கு?" என்றாள் அண்ணி.

"அண்ணன் எத்தனை மணிக்கு வருவான்?"

"நாலு மணிக்கு. அங்க என்ன இருக்குன்னு கேட்டேன்."

சின்னவள் காட்டினாள். அண்ணிக்குக் கண்ணாடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் விரிசலுக்கு விளக்கம் வேண்டியதில்லை. சோபாவையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்போது மணி மூன்றரை. போய்க் கைபேசியை எடுத்தாள்.

"உடனே வீட்டுக்கு வாங்க," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

உடனே என்றது நாலே கால் ஆனது. பெரியவன் வாடகை நாற்காலிகளோடு வந்து இறங்கினான். வாசலிலேயே குரல் கேட்டது. "செட் பண்ணியாச்சா? எங்க, ஒரு அடி அடிச்சுக் காட்டு, வீடே அதிரணும்!"

சின்னவள் கைபேசியை நீட்டினாள்.

பார்த்தான். முழுசாகப் பார்த்து முடித்த பிறகும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ எதுக்கு அங்கெல்லாம் கையை விட்டே?"

"ஏழாம் தேதி ஒட்டியிருக்கே. பத்தாம் தேதி மூடிட்டே. ஒரு மாசம் பார்க்கணும்னு உன் ஆளுங்களை நீ திட்டி எத்தனை தடவை கேட்டிருக்கேன் அண்ணா?"

"மூணு நாளும் உடையல."

"அப்புறம்?"

"அப்புறம் மூடியாச்சு. மூடினப்புறம் எப்படிப் பார்க்கறது?"

இதைச் சொல்லும்போது அவன் குரலில் நியாயம் கேட்கிற தொனி இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"இப்ப உன் பெட்டி போட்ட சத்தத்துலதான் உடைஞ்சிருக்கு," என்றான் அவன். "அவ்வளவு அதிர்வுல எந்தக் கண்ணாடியும் உடையும்."

"பெரிசு பண்ணிப் பாரு."

"என்னத்தை?"

"உடைஞ்ச முனையை."

அவன் இரண்டு விரலால் படத்தை விரித்தான். உடைந்த முனையிலிருந்து பக்கத்துக் கம்பிக்குச் சிலந்தி நூல் கட்டியிருந்தது. நூலின் மேல் வெள்ளையாகத் தூசி படிந்திருந்தது.

பெரியவன் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தான். நெற்றி வேர்த்திருந்தது.

"எடுத்தது தடுப்புச் சுவர் இல்லை. மாடியைத் தாங்குற நடுச்சுவர். இல்லையா?"

"உத்தரம் வெச்சிருக்கேன்ல."

"அது பத்தாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்!" என்று கத்திவிட்டு, உடனே குரலைத் தழைத்தான். மாடியில் காது இருந்தது. "சரியான உத்தரம் வெச்சா ஒன்றரை அடி கீழ தொங்கும். புரொஜக்டர் வெளிச்சம் அதுல பட்டு, பாதித் திரைக்கு நிழல் விழும். இந்த இடத்துல எதுவும் தொங்கக் கூடாதுன்னு யாரு சொன்னது? நீதானே சொன்னே?"

சொன்னாள். மூன்று மாதத்துக்கு முன்னால், காலி அறையில், கையில் அளவு நாடாவோடு நின்று, போகிற போக்கில் சொன்னாள். எல்லா வீட்டிலும் சொல்வதுதான். அண்ணன் பூசி மெழுகியதில் தன் கைச்சாந்தும் இருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அண்ணிதான் பேசினாள். இவ்வளவு நேரமும் கதவோரம் நின்றவள், ஒரு அடி முன்னால் வந்தாள்.

"அந்தச் சுவருக்கு நேர் மேல மாடியில என்ன இருக்கு?"

பெரியவன் அண்ணாந்து கூரையைப் பார்த்தான்.

"மாமாவோட அறைக் கதவு இருக்கிற சுவர். அதுதானே? அந்தச் சுவர் இப்ப உங்க மெல்லிசு உத்தரத்து மேல நிக்குது. அதான் கதவு சாத்தவும் மாட்டேங்குது, திறக்கவும் மாட்டேங்குது. ரெண்டு தடவை கதவை இழைச்சீங்களே, மரம் ஊதிடுச்சுன்னு!"

"இன்னிக்கு ஒரு நாள்," என்றான் அவன். கெஞ்சினான் என்றே சொல்லலாம். அந்த வீட்டில் அவன் கெஞ்சி யாரும் பார்த்ததில்லை. "ஆறு மணிக்கு ஆளுங்க வர்றாங்க. படம் முடிஞ்சு போகட்டும். நாளைக்கே முட்டுக் குடுத்துடறேன். அப்பாகிட்ட மட்டும் சொல்லாதீங்க. இந்த ஒரு விஷயம் தெரிஞ்சா, அவர் என்னைக் கட்டடக்காரன்னே மதிக்க மாட்டார்."

"பதினெட்டுப் பேரை இதுக்கு அடியில உக்கார வெச்சு, நான் அந்தப் பெட்டியைப் போடணுமா?" சின்னவள் நேரே போய், சுவரிலிருந்து சப்வூஃபரின் பிளக்கைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது. "முடியாது. முதல்ல அப்பாவைக் கீழ கூட்டிட்டு வரணும்."

அண்ணி அதற்குள் உள்படியில் ஏறிக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் அண்ணனும் தங்கையும் மட்டும் நின்றார்கள். மாடியில் அண்ணியின் குரல் கேட்டது. "மாமா, கொஞ்சம் வெளிய வாங்க."

"வர்றேன்மா. கதவு மறுபடியும் இறுகிக்கிச்சு. காலையில இருந்து இப்படித்தான்." அப்பாவின் குரல் சாதாரணமாக இருந்தது. வாக்கர் தரையில் ஊன்றும் சத்தம் வந்தது. டொக். டொக்.

சின்னவளின் கையில் பிளக் இருந்தது. பெட்டி செத்துக் கிடந்தது. ஆனாலும் அவள் தலைக்கு மேலே, டொக் என்ற ஒவ்வொரு தடவையும், கிணுங்கென்றது.

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவனும் கேட்டுவிட்டான். முகத்தில் ரத்தம் இல்லை.

"நீ அந்தப் பக்கம் இழும்மா, நான் இந்தப் பக்கம் தோளால தள்ளறேன்," என்றார் அப்பா மேலே.

தள்ளினார். கூரைக்குள் கண்ணாடி அடித்துக்கொண்டது. கழற்றி வைத்த விளக்கின் ஓட்டை வழியாகச் சாம்பல் நிறத் தூள் ஒரு கைப்பிடி அளவு கொட்டி, புதுச் சோபாவின் மேல் பரவியது.

"தள்ளாதீங்கப்பா!" என்று சின்னவள் அலறினாள். "கதவைத் தள்ளாதீங்க!"

"என்ன?" அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. "இன்னும் ஒரு தள்ளு, வந்துடும்."

பெரியவன் ஓடினான். படிக்கட்டின் அடியில் நின்று, மாடியை அண்ணாந்து பார்த்து, தொண்டை கிழியக் கத்தினான். "அப்பா, அசையாதீங்க! நான் நடுச்சுவரை எடுத்துட்டேன்!"

மாடியில் சத்தம் அப்படியே நின்றது.

அண்ணி படியின் மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரியவன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். திட்டு வரும் என்று காத்திருந்தான் போலிருக்கிறது. வந்திருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்பாவின் குரல் வந்தது. வேலைத்தளத்தில் ஆட்களிடம் பேசுகிற பழைய குரல். அதில் கோபம் இல்லை.

"மருமகளைக் கீழ இறங்கச் சொல்லு. மெதுவா, ஓரமா. மூணு பேரும் வீட்டை விட்டு வெளிய போங்க."

"நீங்கப்பா?"

"கதவு திறக்காது. அது இப்ப சுவரைத் தாங்கிக்கிட்டு நிக்குது. நான் ஜன்னல் பக்கம் போய் நிக்கிறேன். போங்க."

அழைப்பு மணி அடித்தது. வாசலில் செருப்புகளைக் கழற்றிவிட்டு யாரோ சிரித்துப் பேசுகிறார்கள். ஆறு மணி படத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே ஆள் வந்தாயிற்று.

கூடத்தில் ஒருவரும் அசையவில்லை. மாடியில் வாக்கரின் சத்தமும் இல்லை.

மேலே கண்ணாடி கிணுங்கியது.